முப்பத்தோராம் பக்கம்

உட்காருங்கள், உட்காருங்கள். இந்தப் பையை மட்டும் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, உள்ளே கம்பெனி ரகசியம் இருக்கிறது. உங்கள் மாம்பழப் பெட்டியைத் தாராளமாக மேலே வையுங்கள். அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது, சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வாசனை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறது.

நாமக்கல்லுக்கா எடுத்தீர்கள்? நான் அதற்கு முன்னால் புதன்சந்தையில் இறங்கிவிடுவேன். காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன், அதனால்தான் இந்த பஸ். பதினொரு மணிக்கு விசாரணை. என்மேல் இல்லை, நான்தான் நடத்துகிறேன். இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்த ஓர் அம்மாவை இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம். அறிக்கை என்னுடையது. பதினேழு பக்கம். படித்துப் பார்க்கிறீர்களா? வேண்டாம், ரகசியம். வாயால் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் சொல்லலாம். ஏனென்றால் உங்களை எனக்குத் தெரியாது. சிரிக்காதீர்கள், இது என் தொழிலின் அடிப்படை. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் பதினெட்டு வருடம் இதே வேலைதான் பார்த்தேன். வெளியே இருக்கிற திருடன் பூட்டை உடைக்க வேண்டும். உள்ளே இருப்பவரிடம் சாவியை நாமே கொடுத்திருக்கிறோம். நம்பாத ஆளிடம் நாம் எதையும் கொடுப்பதில்லை, அவன் என்ன துரோகம் செய்துவிட முடியும்? நம்பின ஆள்தான் செய்ய முடியும். ஆகவே ஒருவரை எவ்வளவு நம்புகிறோமோ அவ்வளவு ஆபத்து. இதை ஒரு பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அன்றைக்கே வாழ்க்கை புரிந்துவிட்டது. என் மனைவிதான் அந்தப் படத்தை வீட்டில் மாட்ட வேண்டாம் என்றாள்.

மில் பெயரைச் சொல்ல மாட்டேன். கோழித் தீவன மில். புதன்சந்தை தாண்டியதும் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டியில் பெரிய சேவல் வரைந்திருக்கும், அதுதான். முட்டை போடுகிற கோழிக்குத் தீவனம் செய்கிற இடத்தில் சேவல் எதற்கு என்று நானும் கேட்டேன். முதலாளி பொன்னுரங்கம் ஐயா, "பெயிண்டருக்கு அதுதாங்க தம்பி வரும்" என்றார். இந்த மாதிரி ஒரு நிர்வாகத்தைத்தான் நான் ஒழுங்குபடுத்த வந்தேன்.

என் பதவி, தகவல் பாதுகாப்பு மேலாளர். மில்லில் அதை 'செக்யூரிட்டி சார்' என்று சுருக்கிவிட்டார்கள். கேட்டில் காவல் இருக்கிற மாரப்பன் முதல் நாளே தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். "வாங்க சார். நம்ம டிப்பார்ட்மெண்ட்டுக்கு ஒரு ஆளு பத்தாதுன்னு நாலு வருசமாச் சொல்லிட்டிருந்தனுங்க" என்றார். நான் உட்காரவில்லை.

முதல் மாதமே விதிமுறை எழுதினேன். நாற்பத்திரண்டு பக்கம், ஆங்கிலத்தில். பிறகு நானே தமிழிலும் எழுதினேன். இரண்டு மொழியும் படித்தவன் என்பதால் இரண்டிலும் யாருக்கும் புரியாமல் எழுத முடிந்தது என்று என் மகள் சொல்வாள். எல்லோரையும் கூட்டி வாசித்தேன். 'உள்ளிருந்து எழும் அச்சுறுத்தல்' என்ற அத்தியாயம் வந்ததும் மூட்டை தைக்கிற ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், குடோனுக்குள்ள மறுக்காவும் பாம்பு வந்துருச்சுங்களா?"

நூற்று முப்பத்தெட்டு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒருவர்தான் முழுசாகப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அந்த அம்மாதான். நல்லம்மாள். அப்போதே குறித்துக்கொண்டேன்.

சொல்கிறேன், இருங்கள். ரகசியம் எது என்று தெரிந்தால்தானே திருட்டு புரியும்.

சித்திரை, வைகாசி வெயிலில் கோழிக்கு மூச்சு இரைக்கும். முட்டை ஓடு காகிதம் மாதிரி ஆகிவிடும், எடுக்கும்போதே உடையும். பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எங்கள் மில்லில் 'கோடைக் கலவை' என்று ஒன்று உண்டு. அதைத் தின்கிற கோழி வைகாசியிலும் கல் மாதிரி முட்டை போடும். அந்தக் கலவையைக் கண்டுபிடித்தவரும் நல்லம்மாள்தான். பத்தாவது வரை படித்துவிட்டு மூட்டை தைக்க வந்தவர். கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுகளை மாற்றி மாற்றி, முந்நூறு கோழியைத் தனிக் கொட்டகையில் வைத்து, மூன்று கோடை பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தார். அந்த நோட்டு பீரோவில் இருக்கும். சாவி மூன்று. முதலாளியிடம் ஒன்று, அந்த அம்மாவிடம் ஒன்று, நான் வந்த பிறகு என்னிடம் ஒன்று.

இந்த மார்ச் மாதம் எங்களுக்குப் போட்டியான எதிர் மில் ஒரு கோடைத் தீவனம் கொண்டுவந்தது. வாங்கிப் பரிசோதித்தோம். அப்படியே நம்முடையது. கிளிஞ்சல் அளவு, சுண்ணாம்புத் தூள் அளவு, எல்லாமே. சோடா உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். வந்து ஒரு வருடம் ஆகவில்லை. என் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நிஜமான கசிவு. மனசுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு மத்தியானம் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? தான் எழுதியதைத் தானே எப்படித் திருடுவார் என்றா? முதலாளியும் இதையேதான் கேட்டார். "அந்தப் பொண்ணு தலைக்குள்ளயே இருக்குதுங்க தம்பி, அவ எதுக்கு நோட்டைத் தூக்கணும்?" என்றார். அதுதான் திருட்டில் உயர்ந்த வகை, ஐயா, தடயமே இருக்காது என்று விளக்கினேன். தடயம் இல்லை என்பதையே முதல் தடயமாக அறிக்கையில் போட்டிருக்கிறேன்.

தவிர, அறிகுறிகள் என்று ஐந்து உண்டு. சீக்கிரம் வருவார், தாமதமாகப் போவார். விடுப்பே எடுக்க மாட்டார். தன் வேலையோடு மற்றவர் வேலையும் தெரிந்து வைத்திருப்பார். சம்பள உயர்வு கேட்டு மல்லுக்கு நிற்க மாட்டார். எல்லோரும் அவரை நம்புவார்கள். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே கண் வைக்க வேண்டும். அந்த அம்மாவிடம் ஐந்தும் இருந்தது. நானே இரண்டு முறை சரிபார்த்தேன். மில்லில் மற்ற யாரிடமும் ஒன்றுகூட இல்லை, அந்த வகையில் நிம்மதி.

மல்லூரா இது? இன்னும் நேரம் இருக்கிறது.

முக்கியமான ஆதாரம் ஆயுத பூஜை அன்று கிடைத்தது. போன அக்டோபர். உங்களுக்குத் தெரியுமே, அன்றைக்கு மில் மில்லாக இருக்காது. கலவை எந்திரத்துக்கு வாழைக்கன்று, எடை மேடைக்குச் சந்தனம், லாரிக்கு மாலை. குடும்பத்தோடு வருவார்கள், தீவனம் எடுக்கிற பண்ணைக்காரர்கள் வருவார்கள், சரக்குப் போடுகிறவர்கள் வருவார்கள். ஆளாளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலையை வாங்கிக்கொண்டு எந்திரத்துக்கு எந்திரம் வேடிக்கை பார்ப்பார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் வருடத்திலேயே மோசமான நாள். நான் விடுவேனா? கேட்டிலேயே எல்லாருடைய போனையும் வாங்கிவிட்டேன். எங்கே வைத்தேன் தெரியுமா? முட்டை அட்டையில். குழிக்கு ஒன்றாக நிறுத்தி, டோக்கன் கொடுத்து. மாரப்பன், "கோயில்ல செருப்பு வாங்கற மாதிரியே இருக்குதுங்க சார்" என்று ரொம்பச் சந்தோஷப்பட்டார். முதலாளியின் பட்டன் போனையும் விடவில்லை. விதி என்றால் எல்லோருக்கும். அன்றைக்கு உள்ளே இருந்த ஒரே போன் என்னுடையது. அதுவும் பாதுகாப்புப் பதிவுக்காக.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் அந்தக் கோடைக் கலவை நோட்டை வைப்பது மில் வழக்கம். நல்லம்மாள் வருடா வருடம் அதை ஒரு மஞ்சள் துணியில் நான்காக மடித்துச் சுற்றித்தான் வைப்பாராம். நான் தடுத்தேன். துணிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பீரோவை விட்டு வெளியே வந்த ஆவணம் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இருபத்தாறாம் விதி.

"சார், அது மூடியே இருக்கட்டுங்களே."

"எதற்கு மூட வேண்டும்?"

"எப்பவும் மூடித்தானுங்க வைக்கறது. உள்ள என்ன இருக்குதுன்னு சாமிக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரிய வேண்டுமே அம்மா."

"உங்களுக்குத்தான் ஒரு சாவி குடுத்திருக்குதுங்களே சார்."

பார்த்தீர்களா? இவ்வளவு பேர் முன்னால் ஓர் ஆவணத்தை மறைக்க முயன்றார். அறிக்கையில் ஒன்பதாவது பத்தி. நான் துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்தே வைத்தேன். வெறும் பக்கமாக வைத்தால் நன்றாக இருக்காது என்று, பிள்ளையார் சுழி போட்டிருக்கிற பக்கமாகத் தேடி விரித்து, நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். விரலில் சந்தனத்தோடு நிற்கும்போது எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. வெளிநாட்டில் இத்தனை வருடம் இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று. அந்த அம்மா சூடம் காட்டும்போதுகூட சாமியைப் பார்க்கவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் குறித்துக்கொண்டேன்.

போன வாரம் விசாரணையின் முதல் அமர்வு. என்ன சொன்னார் தெரியுமா? கேட்டால் அசந்து போவீர்கள்.

எதிர் மில் தீவனத்தைத் தின்ற கோழிகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. அது ஊரறிந்த விஷயம், பண்ணைக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்லம்மாள் எழுந்து, "சார், அவங்க டன்னுக்கு நாலு கிலோ சோடா உப்புப் போட்டிருக்காங்க. நோட்டுல முப்பத்தோராம் பக்கத்துலதானுங்க நாலுன்னு இருக்குது. அது நான் தப்பா ஆரம்பிச்சது. நம்ம முந்நூறு கோழியும் அப்பத் தண்ணியாத்தான் கழிஞ்சுது. திருப்பினா முப்பத்திரண்டாம் பக்கத்துல ரெண்டரைன்னு திருத்தி எழுதியிருக்கறனுங்க. நம்ம மில்லுல போடறது ரெண்டரைதான். நான் குடுத்திருந்தா சரியானதைக் குடுத்திருப்பனில்லீங்களா? முப்பத்தொண்ணை மட்டும் பார்த்த ஆளுதானுங்க குடுத்திருக்கோணும்" என்றார்.

ரெண்டரை என்பதை நீங்கள் வெளியே சொல்லிவிடாதீர்கள். அதுதான் முழு ரகசியமும்.

எவ்வளவு சாமர்த்தியம், பாருங்கள். மாட்டிக்கொண்டால் தப்பிக்க வேண்டும் என்று, முன்கூட்டியே தவறான பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். சாதாரண மூளைக்கு இது வராது. அறிக்கையில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

பிறகு என்னையே ஒரு கேள்வி கேட்டார். "பூசை அன்னிக்கு நோட்டுல எந்தப் பக்கத்தைப் பிரிச்சு வச்சீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா சார்?" குற்றம் சாட்டப்பட்டவர் விசாரிப்பவரைக் கேள்வி கேட்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். நான் எழுதிய விதிதான். முதலாளி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நோட்டைக் கொண்டாரச் சொல்லலாங்களா தம்பி?" என்றார். நோட்டு சீல் வைக்கப்பட்டிருக்கிறது, ஐயா, விசாரணை முடியும்வரை யாரும் திறக்கக் கூடாது என்றேன். அவருக்கு எழுபது வயது. விதியைப் பார்த்தால் பயப்படுவார். "எப்படியோ, அடுத்த வாரம் முடிச்சுருங்க. உங்க ரிப்போட்டு என்ன சொல்லுதோ அதும்படி" என்று எழுந்து போய்விட்டார்.

ஆக, இன்றைக்கு என் அறிக்கைதான் முடிவு. இதற்குப் பிறகு அந்த அம்மாவை இந்தப் பக்கத்தில் எந்த மில்லும் எடுக்காது. திருட்டுப் பட்டம் என்பது மருதாணி இல்லையே, பத்து நாளில் போய்விட. வருத்தம்தான். வேலையிலிருந்து நிறுத்திவைத்த அன்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மஞ்சள் துணியிலேயே சுற்றி. "துணி பீரோவுலயே இருக்கட்டுங்க சார், அடுத்த பூசைக்கு ஆகும்" என்றார். எவ்வளவு அலட்சியம். துணி இப்போது இந்தப் பைக்குள் இருக்கிறது, தடயம் எண் மூன்று.

ராசிபுரம் தாண்டிவிட்டோமா? பேச்சில் தெரியவில்லை.

அந்தப் பூஜை ஏற்பாட்டைப் பார்த்தால் அசந்து போவீர்கள். இருங்கள், படம் இருக்கிறது. இதோ. எப்படி? நானே எடுத்தது. அலங்காரம் மட்டும், ஆள் ஒருவரும் இல்லாமல், விளக்கு வெளிச்சம் நேராக விழுகிற மாதிரி. அன்றைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். என் நம்பரில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள், சிங்கப்பூரிலிருந்துகூட வணக்கம் போட்டார்கள். மருந்துக் கலவை சப்ளை செய்கிற நவநீதன் என்று ஒருவர், எங்களுக்கும் போடுவார், எதிர் மில்லுக்கும் போடுவார், தங்கமான மனிதர். "சார், சாமி அப்படியே களையா இருக்குது, பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டணும், ஒரிஜினலை அனுப்புங்க" என்றார். ஸ்டேட்டஸில் போட்டால் மங்கலாகிவிடுமாமே. ஒரிஜினலையே அனுப்பினேன். பக்தி உள்ளவரிடம் மறுக்க மனம் வருமா?

பெரிதாக்கிப் பாருங்கள், பரவாயில்லை. நல்ல கேமரா. ஆமாம், அதுதான் நோட்டு. சந்தனப் பொட்டு நான் வைத்தது. மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே அந்த அம்மா கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என்ன வாசிக்கிறீர்கள்?

மூலையிலா? அது பக்க எண்ணாக இருக்கும்.

கொடுங்கள் பார்ப்போம்.

...

வெயில் ஏறிவிட்டது. இந்த பஸ்ஸில் காற்றே வருவதில்லை. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். கைக்குட்டையை எங்கோ வைத்துவிட்டேன். பரவாயில்லை, பைக்குள் துணி இருக்கிறது. முகத்தைத்தானே துடைக்கிறேன், துவைத்துவிட்டால் போகிறது.

மூன்றும் ஒன்றும்தானா அது? குங்குமம் சிந்தி ஒன்று மாதிரி தெரியலாம். நீங்கள் கண்ணாடி போடுகிறவர், உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. கீழே நாலு என்று இருப்பதும் அப்படித்தான்.

சுழி போட்ட பக்கமாக வைத்தால் சாமிக்கு உகந்தது என்றுதான் பிரித்தேன். திருத்தி எழுதின பக்கத்திலும் அவர் ஒரு சுழி போட்டிருக்கலாம் இல்லையா? என்ன பெரிய செலவு, ஒரு வளைவு, ஒரு கோடு. புதிதாக ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் போடுவாராம். இந்த மாதிரி ஒழுங்கீனத்தால்தான் எல்லாம் வருகிறது.

அறிக்கை பதினேழு பக்கம். நேற்று வரை உட்கார்ந்து எழுதினேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆகிறது. சிங்கப்பூரை விட்டு வந்து இந்த வேலை கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று, அது உங்களுக்குத் தெரியாது.

பதினான்காம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? கம்பெனித் தகவல் எதையும் யாரும் சொந்த போனில் வைத்திருக்கக் கூடாது. நான் எழுதியதுதான். விதி என்றால் எனக்கும் விதி. இதோ, அழித்துவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. அழித்தது முப்பது நாள் போனுக்குள்ளேயே எங்கோ கிடக்கும் என்கிறார்களே, அதை முழுசாக எப்படி எடுப்பது? உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? பரவாயில்லை.

நவநீதனிடம் இருக்கிறது. இருக்கட்டும். அவர் ஏன் சொல்லப்போகிறார்? அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவரை நம்பலாம்.

உங்களையும் நம்பலாம், இல்லையா? முன்பின் தெரியாதவர். மாம்பழத்தோடு எங்கோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர். நாம் மறுபடி பார்க்கப்போவதில்லை. முதலிலேயே சொன்னேனே, உங்களைப் போன்றவர்களால் ஒரு ஆபத்தும் கிடையாது.

புதன்சந்தை, புதன்சந்தை. கண்டக்டர், ஆள் இறங்கணும்.

வழி விடுங்கள், போய் வருகிறேன். நீங்கள் உட்காருங்கள். எதற்குப் பெட்டியை இறக்குகிறீர்கள்? உங்களுக்கு நாமக்கல் டிக்கெட், இன்னும் தூரம் இருக்கிறது.

ஆமாம், சேவல் போட்ட தொட்டிதான். அதை எதற்கு இப்போது கேட்கிறீர்கள்?